எருமைத்தலையனை எழுப்பியவர்

தன்னிடம் இருக்கும் மிகப் பெரிய மிருகத்தை அவர் இரண்டாவது சுற்றிலேயே தூக்கிச் சுடுகாட்டில் போட்டுவிடுவார். போட்டுவிட்டு, பஸ்ஸில் சொல்வது போலவே "போலாம், ரைட்" என்பார். அத்தோடு அவர் கதை முடிந்தது என்று மற்ற இரண்டு பேரும் நினைப்பார்கள். நான் நினைக்க மாட்டேன். எனக்கு அந்த நிமிஷமே வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ மாந்திரீகம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அது வெளிநாட்டு அட்டை விளையாட்டு. நான்கு பேர் வரை உட்கார்ந்து ஆடலாம். ஒவ்வொருவரும் அவரவர் சொந்தமாகச் சேர்த்த நூறு அட்டைகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆளுக்கு நாற்பது உயிர். அட்டைகளில் விதவிதமான மிருகங்கள் இருக்கும். அவற்றை இறக்கி அடுத்தவன் உயிரைக் குறைக்க வேண்டும். கடைசி வரை இருக்கிறவன் ஜெயித்தான். மிருகத்தை இறக்க முதலில் நில அட்டைகள் கீழே இருக்க வேண்டும்; சுற்றுக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். மூன்று நிலம் கேட்கிற மிருகம் மூன்றாவது சுற்றில் வரும். ஒன்பது கேட்கிற மிருகம் ஒன்பதாவது சுற்றில்தான் வரும், அதுவரை நாம் இருந்தால். செத்த மிருகமும், நாமே வேண்டாம் என்று கழித்த அட்டையும் ஓரமாக ஒரு குவியலில் போய்ச் சேரும். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் உண்டு. நாங்கள் சுடுகாடு என்போம்.

நாங்கள் என்றால் முதலில் மூன்று பேர்தான். மேலப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷாகுல். பாளையங்கோட்டையில் கல்லூரி வாத்தியாரான சங்கர். அப்புறம் நான். டவுணில் ரதவீதிக்குப் பின்னால் பாட்டனார் கட்டிய வீட்டில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறவன். வயல்கள் எல்லாம் போய் வீடும் வீறாப்பும் மட்டும் மிஞ்சிய குடும்பம் எங்களுடையது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று எங்கள் அப்பா நாளுக்கு நாலு தடவை சொல்வார். அந்தப் பழக்கம் என் விரல் நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஷாகுல் கடை மாடியில் ஆட்டம் ஆரம்பிக்கும். சாயங்காலம் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னதும் முடிந்துவிடும். ஷாகுல் தொழுகைக்குப் போக வேண்டும். பாங்கு சொல்லும்போது யாருக்கு உயிர் அதிகமோ அவருக்கு வெற்றி என்பது நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம். மேஜைக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். உதவாத அட்டைகளை அதில் போடுவோம். டப்பாவில் விழுந்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. ஆனால் யாரும் எடுத்ததில்லை.

அவர் அங்கே வந்தது உடைந்த செல்போனோடு. அரசு பஸ் கண்டக்டர். எங்களைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். நெட்டையாக, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஒரு பக்கத் தோள் சற்று உயர்ந்து இருப்பார். கண்ணாடி மாற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்று ஷாகுல் சொன்னதால் மாடிக்கு வந்து, ஒன்றும் பேசாமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"செத்ததெல்லாம் எங்கன போவுது?"

"சுடுகாட்டுக்கு அண்ணாச்சி" என்றான் ஷாகுல்.

"அங்கன கெடக்கத யாரும் நெனச்சே பாக்க மாட்டீங்களா?"

நாங்கள் சிரித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் புரியாத இடத்தில் சங்கரிடம் கேட்டார். மூன்றாவது வாரம் நூறு அட்டை சேர்ந்துவிட்டது. அத்தனையும் நாங்கள் வேண்டாம் என்று எறிந்தவை.

அந்தக் கட்டின் ராஜா எருமைத்தலையன். ஒன்பது நிலம் கேட்கிற அவலட்சணமான மிருகம். அதைக் கையில் வைத்திருக்கிறவன் அது இறங்குவதற்கு முன்பே செத்துப்போவான் என்பதால் டப்பாவில் எறிந்தது சாட்சாத் நானே. அவர் அதை இரண்டாவது சுற்றில் தானே சுடுகாட்டில் கழித்துவிட்டு, மூன்று நிலம் மட்டும் கேட்கிற வேறொரு அட்டையால் மூன்றாவது சுற்றில் எழுப்பிவிட்டார். அந்த அட்டையும் டப்பாவில் கிடந்ததுதான். நாங்கள் ஆளுக்கொரு பூனைக்குட்டியும் ஓணானும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேஜையில் எருமைத்தலையன் எழுந்து நின்றான். சங்கர் கைதட்டினார். எனக்கும் கை தட்டத்தான் தோன்றியது. தட்டவில்லை.

இதை வெறும் ஆட்டத் தந்திரம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவரே அப்படித்தான். கையில் இருப்பதை முதலில் விடுகிறவர் எப்போதும் அவராகத்தான் இருப்பார். அவர் பஸ்ஸில் இரண்டு தடவை போயிருக்கிறேன். கண்டக்டர் சீட்டில் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் யாராவது பிள்ளைக்காரிக்குக் கொடுத்துவிடுவார். அடுத்த ஸ்டாப்பிலேயே வேறு யாராவது நகர்ந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, இங்கன வாங்க" என்று கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் ஷாகுல் சூடாக அல்வா வாங்கி வந்தான். கடைசித் துண்டு ஒன்று இலையில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அவர், "எனக்கு வேண்டாம்ப்பா, நீங்க எடுத்துக்கோங்க" என்றார். உடனே சங்கர், "அதெல்லாம் முடியாது, நீங்கதான் சாப்பிடணும்" என்று அவர் கையில் திணித்தார். அடுத்த வாரம் கடைசித் துண்டு வந்ததும் நான் முந்திக்கொண்டு "எனக்கு வேண்டாம்" என்றேன். "சரிவே" என்று சொல்லிவிட்டு ஷாகுல் வாயில் போட்டுக்கொண்டான்.

சிரிக்காதீர்கள். அந்தத் துண்டு அல்வாவை நான் வீடு போய்ச் சேரும் வரை நினைத்துக்கொண்டே போனேன்.

ஷாகுலை அவர் "ஏலே" என்பார். சங்கரை "வே" என்பார். என்னை மட்டும் "சார்" என்பார். மரியாதை கொடுக்கிறாரே என்று முதலில் குளிர்ந்துதான் போனேன். மூன்றாவது மாதம்தான், இந்த மேஜையில் என்னை மட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார் என்று உறைத்தது. டிக்கெட் கிழிக்கிற பழக்கத்தில் அட்டையை எச்சில் தொட்டு எடுக்கப் போவார். நான் முகம் சுளித்த மறுவாரமே ஈரப் பஞ்சு வைத்த சின்ன டப்பி ஒன்று கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். தன் சுற்று முடிந்ததும் "ரைட்" என்பார். ஒரே மாதத்தில் ஷாகுலும் சங்கரும்கூட "ரைட்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் கடைசி வரை "முடிஞ்சிட்டு" என்றுதான் சொன்னேன்.

நான்கு பேர் ஆட்டத்தில் யார் முந்துகிறானோ அவனை மற்ற மூன்று பேரும் சேர்ந்து அடிப்பார்கள். அதனால்தான் நான், காசைக் கொட்டி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அட்டைகளோடு, எப்போதும் முதலில் அடி வாங்கினேன். அவரை யாரும் அடிப்பதில்லை. இருந்த மிருகத்தையும் எறிந்துவிட்டு வெறுங்கையோடு இருக்கிற மனுஷனை எப்படி அடிப்பது? போதாக்குறைக்கு மற்றவர்களின் செத்த மிருகங்களையும் எழுப்பிக் கொடுப்பார். "சங்கரு, உம்ம குதிரைய எழுப்பித் தாரேன். ரெண்டு சுத்துக்கு என்னைய விட்டுரும் வே" என்பார். செத்த குதிரை திரும்பி வருகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? என்னிடமும் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். என் குதிரை செத்தே கிடந்தது, அவர் ஜெயித்தார்.

ஒன்பது வாரத்தில் ஏழு தடவை அவர் ஜெயித்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. வாட்ஸப் குழுவில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். 'ஒருவர் தன் சுடுகாட்டிலிருந்து ஓர் ஆட்டத்தில் ஒரு முறை மட்டுமே மிருகத்தை எழுப்பலாம்.' தடித்த எழுத்தில் போட்டேன். அதற்கு முன்பே சங்கருக்கும் ஷாகுலுக்கும் தனித்தனியாகப் போன் செய்து, ஆட்டம் சமநிலையில் இல்லை, ஒரே மாதிரி போகிறது, சுவாரசியம் குறைகிறது என்றெல்லாம் பேசி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுக்கு விட்டோம். முதலில் கையைத் தூக்கியது அவர்தான்.

"நல்ல சட்டம்தான சார். எல்லாருக்கும் உள்ளதுதான" என்றார்.

அவர் எதிர்த்துப் பேசுவார், கோபப்படுவார், இத்தனை நாள் மூடி வைத்திருந்த முகம் ஒரு தடவையாவது வெளியே தெரியும் என்று எதிர்பார்த்துக்கொண்டு போயிருந்தேன். நான் கேட்டதெல்லாம் கிடைத்தும் ஏதோ தோற்ற மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரம் அவர் வரிசையாகத் தோற்றார். டப்பாவைக் கிண்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம் கட்டு கொஞ்சம் மாறியிருந்தது. எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் கடல்ராசா என்று ஒரு அட்டை உண்டு. இந்த ஜில்லாவிலேயே வேறு யாரிடமும் இருக்காது. வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. சேர்ந்த அன்று அட்டை உறையைப் பிரிக்காமல் பூஜையறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடல்ராசாவை இறக்கினேன். சங்கரும் ஷாகுலும் சேர்ந்து அதைக் கொன்றார்கள். பரவாயில்லை, என் சுடுகாட்டில்தானே கிடக்கிறது, அந்த ஒரு முறையை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அவருடைய சுற்று வந்தது.

"சார், உங்க சுடுகாட்டுல இருந்து ஒண்ணு எடுத்துக்கிடலாமா?"

"ஒரு ஆட்டத்துக்கு ஒண்ணுதான் எழுப்பணும்னு சட்டம் இருக்குல்லா" என்றேன்.

"தன் சுடுகாட்டுலதான சார் ஒண்ணுன்னு போட்டிருக்கு?"

ஷாகுல் போனை எடுத்து, நான் எழுதிய சட்டத்தை, நான் தடித்த எழுத்தில் போட்டிருந்த அதே வேகத்தோடு உரக்கப் படித்தான். 'தன் சுடுகாட்டிலிருந்து.' சங்கருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துவிட்டு, என் கடல்ராசாவை இரண்டு கையாலும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அடுத்த சுற்றில் என் குதிரை. அதற்கடுத்ததில் என் கழுகு. பாங்குக்கு அரை மணி நேரம் இருக்கும்போது என்னுடைய மிருகங்களாலேயே நான் செத்தேன். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொன்றாக எண்ணி என்னிடம் திருப்பித் தந்தார். கடல்ராசாவுக்கு நான் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. இருந்திருந்தால் சண்டை போட ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

அதன் பிறகு மிருகமே இல்லாத ஒரு கட்டு கட்டினேன். என்னிடம் மிருகம் இருந்தால்தானே எழுப்புவார்? அடுத்தவன் எதைச் செய்தாலும் செல்லாது, முடியாது, கூடாது என்று தடுக்கிற அட்டைகளாகவே நூறு. மூன்று மணியிலிருந்து பாங்கு வரை யாரையும் நகர விடவில்லை. தப்பித் தவறி விழுந்த அடிகளில் மற்றவர்களுக்கு இரண்டு மூன்று உயிர் போயிருந்தது. பாங்கு சொன்னபோது எனக்கு முப்பத்தொன்பது உயிர் இருந்தது, ஜெயித்தேன். மூன்று வாரம் இப்படியே ஜெயித்தேன்.

"தாலுகா ஆபீசுல மனு குடுத்துட்டு உக்காந்த மாதிரி இருக்குவே" என்றார் சங்கர்.

ஷாகுல் தொப்பியைத் தேடிக்கொண்டே, "பாங்க வச்சு ஜெயிக்காதயும் வே. எனக்கே பாவமா இருக்கு" என்றான். நாலாவது வாரம் அந்தக் கட்டைக் கொண்டுவரக் கூடாது என்று இருவருமாகச் சொல்லிவிட்டார்கள். அவர் மட்டும்தான், "பாவம், ஆடட்டுமே. உடைக்க ஒரு வழி வச்சிருக்கேன்" என்றார். அந்தப் 'பாவம்' என்னைச் சுட்டது.

இனி சொல்லப்போவதை ஷாகுலிடமும் சங்கரிடமும் இன்று வரை நான் சொல்லவில்லை.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடையாது. இன்னொரு கண்டக்டரோடு டூட்டி மாற்றிக்கொண்டுதான் எங்களிடம் வருவார். அதற்குப் பதிலாக அந்த ஆளின் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் விடிகாலை முதல் வண்டியையும் இவர் பார்ப்பார். ஒன்றை விட்டு இரண்டைச் சுமப்பார். இது எனக்குத் தெரியும், அவரே பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பணிமனையில் டைம் கீப்பராக இருந்தவர் எங்கள் சித்தப்பா. இது அவருக்கும் தெரியும்.

சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து, பேட்டையில் ஒரு மண்டபத்தில். பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்து இலை எனக்கு. பேச்சு பஸ் பக்கம் வந்தது.

"அந்த நெட்டக் கண்டக்டரு ஒங்கூட வெளையாட வாரானாம்லா? தங்கமான ஆளு" என்றார் சித்தப்பா.

இங்கும் அவர்தானா என்று இருந்தது. "ஆளு நல்லவருதான் சித்தப்பா. ஞாயித்துக்கிழமை ஆனா டூட்டிய அடுத்தவன் தலையில கட்டிட்டு வந்துருதாரு. பாவம், அந்த ஆளு என்ன செய்வாரு?" என்றேன். இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். சித்தப்பா சட்டம் பேசுகிற மனுஷன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பத்து நாளில் பணிமனையில் டூட்டி மாற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். அவருக்கு ஞாயிறுதோறும் பாபநாசம் வண்டி. குழுவில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "ஆள மாத்தக் கூடாதுன்னு போட்டுட்டாவப்பா. இனி வர முடியாது. நீங்க நல்லா ஆடுங்க." இரண்டு நாள் கழித்து ஷாகுல் கடையில் ஒரு அல்வாப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே ரப்பர் வளையம் போட்டு அந்த நூறு அட்டை. "சார்ட்ட குடுத்துரு" என்றாராம்.

"உமக்குப் போய்க் குடுத்துருக்காரே" என்றான் ஷாகுல். அவனுக்கும் பொறாமைதான். எனக்கு ஒரு நிமிஷம் குளிர்ச்சியாக இருந்தது, பிறகு பெட்டியை அவசரமாகப் பைக்குள் தள்ளினேன்.

மூன்று பேராக ஆடினோம். முதல் ஞாயிறு நான் ஜெயித்தேன். இரண்டாவது ஞாயிறும் நானே. ஷாகுல் கொட்டாவி விட்டான். சங்கர், விடைத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லி நாலரைக்கே எழுந்தார். மூன்றாவது வாரம் அவருடைய கட்டை எடுத்துக்கொண்டு போனேன். எருமைத்தலையன் முதல் கையிலேயே வந்துவிட்டான். அவனைத் தூக்கிச் சுடுகாட்டில் போட வேண்டும், அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. எழுப்புகிற அட்டை வராமலே போய்விட்டால்? யாராவது சுடுகாட்டையே அழித்துவிட்டால்? கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஏழாவது சுற்றில் செத்தேன். அடுத்த வாரமும் அப்படியே.

அதற்கு அடுத்த ஞாயிறு புது பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் வண்டி ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. அவர் கஷ்டப்படுகிறாரா என்று பார்க்கவும் ஆசை இருந்தது.

"சார், வாங்க வாங்க" என்றார், நான் ஏதோ அவர் வீட்டு விசேஷத்துக்கு வந்தது போல. வழியெல்லாம் ஆட்கள் அவரோடு பேசிக்கொண்டே ஏறினார்கள், பேசிக்கொண்டே இறங்கினார்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டோடு ஏறிய ஒரு அம்மாள், "ஒரு வாரமா என்ன ஒங்களக் காணும்?" என்று அதட்டினாள். அந்த வண்டியில் அவர் இரண்டு மாதம்கூட ஓடியிருக்க மாட்டார். நான் பிறந்து வளர்ந்த தெருவில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

பாபநாசத்தில் வண்டி அரை மணி நேரம் நிற்கும். டிரைவர் டீக்கடைக்குப் போனார். இவர் பையிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படித்துறைக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, சித்தப்பாட்ட நாந்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி மடித்துப் படியில் வைத்தார். "தெரியும் சார். டைம் கீப்பரு அன்னைக்கே சொல்லிட்டாவ. எங்க வீட்டுப் பயதான் சொன்னான்னு."

"தெரிஞ்சுமா கட்டை எங்கிட்ட குடுத்தீங்க?"

"வேற யார்ட்ட குடுக்க? ஷாகுலுப் பய டப்பாவுல போட்டுருவான். சங்கரு நாலு நாள் ஆடிட்டு மறந்துருவாரு. நீங்க ஒருத்தருதான் சார் ராவும் பகலும் அந்தக் கட்டையே நெனச்சுக்கிட்டு இருந்தது. கட்டுனவன் நான்கூட அவ்வளவு நெனச்சதில்ல."

பொறாமைப்பட்டவனுக்கு இதைவிடப் பெரிய பட்டயம் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

"எம்மேல கோவமே வரலையா?"

"வராம என்ன? ரெண்டு வாரம் நல்லா வந்துச்சு. ஒங்க தெருப் பக்கம் வண்டி திரும்புனாலே பல்லக் கடிப்பேன். அப்புறம் எத்தன நாளைக்கு அதையும் சொமந்துக்கிட்டு ஸ்டாப் ஸ்டாப்பா ஏறி எறங்க? விட்டுட்டேன்."

"சித்தப்பாட்ட நானே பேசி மாத்தச் சொல்லுதேன். நீங்க மறுபடியும் வரணும்" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். அவர் இல்லாத மேஜையில் ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"வேண்டாம் சார்." இரண்டு படி இறங்கி முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார். "முன்னால ஞாயித்துக்கிழமைக்காண்டி ரெண்டு நாள் விடிகாலை வண்டிக்கு ஓடுவேன். இப்ப அது இல்ல. வாராவாரம் இங்கன அரை மணி நேரம் முங்கிக் குளிக்கேன். ஒடம்பே லேசாயிட்டு. நீங்களும் வாங்களேன்."

என்னிடம் துண்டு இல்லை. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் மூச்சைப் பிடித்து முங்கினார், சற்றுத் தள்ளி எழுந்தார், மறுபடி முங்கினார். என் வயிற்றெரிச்சலில் நான் பிடித்துத் தள்ளிய இடத்தில் மனுஷன் சுகமாகக் குளித்துக்கொண்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், அந்த ஆற்றுத் தண்ணீருக்காகவும் அவர் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவர் இந்தப் பணிமனையில் இல்லை. நாகர்கோவில் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சித்தப்பாவும் ஓய்வு பெற்றுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் இன்னும் ஆடுகிறோம். வேறு ஆள் சேர்க்கவில்லை.

அந்தக் கட்டில் நான் முதல் முதலாக ஜெயித்தது போன மாதம்தான். எருமைத்தலையனை இரண்டாவது சுற்றில் சுடுகாட்டில் போட்டேன். ஐந்தாவது சுற்றில் எழுப்பினேன். பாங்குக்கு முக்கால் மணி நேரம் முன்பே இருவரையும் முடித்துவிட்டேன்.

"அண்ணாச்சி ஆடுன மாதிரியே இருந்துச்சு வே" என்றார் சங்கர். பாராட்டுதான். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஷாகுல் போனை எடுத்தான். என்னைத்தான் படம் பிடிக்கிறான் என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படத்தில் நான் இல்லை. மேஜையும் அட்டைகளும் மட்டும்தான். எடுத்த கையோடு அதை நாகர்கோவிலுக்கு அனுப்பினான்.

கால் மணி நேரத்தில் குரல் செய்தி வந்தது. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "ரொம்ப நல்லாருக்கு சார். ஆனா எழுப்புற அட்டைய ரெண்டு சுத்து கையிலயே வச்சுக்கிட்டு இருந்துட்டீங்களே. மூணுலயே எழுப்பியிருக்கலாம்லா?"

நான் பயந்துபோய் அந்த அட்டையை இரண்டு சுற்று கையில் ஒளித்து வைத்திருந்தது எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் சுடுகாட்டில் அட்டைகள் விழுந்து கிடந்த வரிசையைப் படத்தில் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார், ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு.

ஆமாம் அண்ணாச்சி என்று பதில் போட எனக்கு நான்கு நாள் ஆனது.